டிராம், பூங்கா, பள்ளிக்கூடம்: அமெரிக்கத் தொழில்மயத்தில் மூன்றும் எங்கே கோத்துக்கொண்டன?

பொன்னி கேட்கிறார் (பதில் சொல்பவர்கள் பட்டறை, திண்ணை, உலைமேடு, வேலிக்கு வெளியே என்ற புனைபெயர்க்காரர்கள்):

தொழில்மயமான அமெரிக்கா பற்றி எந்தப் பாடநூலைப் புரட்டினாலும் ‘தொழில்நுட்பம்’, ‘பொழுதுபோக்கு’, ‘கல்வி’ என்று மூன்று தலைப்பு, தலைப்புக்கு ஒரு பக்கம். எடிசன், கோனி ஐலண்ட் (நியூயார்க்கின் கடற்கரைக் கேளிக்கை இடம்), கட்டாயக் கல்வி என்று பெயர்களை அடுக்கியதோடு சரி. ஒன்றுக்கும் மற்றதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் சொல்வதில்லை. பதினொன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க வேண்டும். தேதி வரிசை இருக்கிறது, காரணம்தான் வேண்டும். குறிப்பாக மூன்று சந்தேகம்:

1. கேளிக்கைப் பூங்காக்களை டிராம் கம்பெனிகள் ஏன் கட்டின?
2. தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் உயர்நிலைப் பள்ளிகள் பெருகின என்கிறார்களே, சரியா?
3. நியூயார்க்கின் ஆரம்பப் பள்ளிகளுக்குச் சென்னைத் தொடர்பு உண்டு என்பது உண்மையா, வாட்ஸ்அப் கதையா?

பட்டறை:

முதல் கேள்விக்கு. குதிரையிலிருந்து தொடங்கினால்தான் கணக்குப் புரியும்.

மின்சாரத்துக்கு முன் அமெரிக்க நகரங்களில் தண்டவாளத்தின் மேல் வண்டியை இழுத்தது குதிரை. ஒரு குதிரை நாளுக்கு நாலைந்து மணி நேரத்துக்கு மேல் அந்த வேலையைத் தாங்காது. ஒரு வண்டி நாள் முழுக்க ஓட வேண்டுமென்றால் லாயத்தில் பல குதிரைகளைக் கட்டித் தீனி போட வேண்டும். 1872இல் குதிரைக் காய்ச்சல் பரவியபோது நகரங்கள் அப்படியே நின்றன. அந்த நவம்பரில் பாஸ்டன் எரிந்தபோது தீயணைப்பு வண்டிகளை மனிதர்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். இப்படிப்பட்ட கம்பெனிக்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்பது வருமானம் மட்டுமல்ல, தலைவலியும்தான். கூட்டம் கூடினால் குதிரையும் கூட வேண்டும்.

மின்சாரம் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. 1888 பிப்ரவரியில் வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்ட் நகரில் ஃபிராங்க் ஸ்பிரேக் ஓடவிட்டதுதான் நகரம் முழுக்கப் பரவி வெற்றிகரமாக ஓடிய முதல் பெரிய மின்சார டிராம். ஒப்பந்தப்படி 12 மைல் பாதை, 40 வண்டி, வண்டிக்கு 2 மோட்டார். அவர் செய்த முக்கியமான காரியம் மோட்டாரைத் தொங்கவிட்ட விதம். ஒரு முனை சக்கர அச்சின் மேல் உட்காரும், மறுமுனை ஸ்பிரிங் வழியாகச் சட்டத்தில் தொங்கும். வண்டி எவ்வளவு குலுங்கினாலும் மோட்டாரின் பல்லும் அச்சின் பல்லும் விலகாது. தூக்கிவாரிப் போடும் ரோட்டில் இது இல்லாமல் பற்சக்கரம் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது.

முதலில் சொதப்பியவையும் உண்டு. மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கம்யூட்டேட்டரில் உரசும் பிரஷ் பித்தளையாக இருந்ததால் மளமளவெனத் தேய்ந்தது, பிறகு கார்பன் பிரஷ் வந்துதான் அது தீர்ந்தது. ராத்திரிச் சோதனையில் வண்டி மேடு ஏறி மோட்டார் படுத்துவிட்டது. சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம். சின்னக் கோளாறுதான், ‘கருவிகள்’ எடுத்து வா என்று உதவியாளரை அனுப்பிவிட்டு ஸ்பிரேக் காத்திருந்தார். கூட்டம் கலைந்தபின் வந்து சேர்ந்த கருவிகள்: நான்கு கோவேறு கழுதைகள்.

மேலே ஒற்றைக் கம்பி. வண்டிக் கூரையிலிருந்து ஒரு கோல் ஸ்பிரிங் விசையில் எழும்பி, நுனியிலுள்ள சிறு சக்கரத்தால் அந்தக் கம்பியை அடியிலிருந்து அழுத்தும். மின்சாரம் திரும்புவது தண்டவாளம் வழியாக. வளைவிலும் சந்திப்பிலும் சக்கரம் கம்பியை விட்டு நழுவும். வண்டி நிற்கும், விளக்கும் அதே கம்பியில்தான் என்பதால் உள்ளே இருட்டாகிவிடும், கண்டக்டர் இறங்கிப் பின்பக்கக் கயிற்றைப் பிடித்துக் கோலை மறுபடி மாட்டுவார். தண்டவாள இணைப்புகளைச் செம்புக் கம்பியால் சரியாகப் பிணைக்காவிட்டால் இன்னொரு வம்பு: திரும்பும் மின்சாரம் மண்ணில் கசிந்து பக்கத்திலுள்ள தண்ணீர்க் குழாயில் ஏறி, வெளியேறும் இடத்தில் குழாயை அரித்துவிடும்.

இப்போது கணக்கு. பவர்ஹவுஸ் கொதிகலன், செம்புக் கம்பி, தண்டவாளம் என்று எல்லாம் முன்கூட்டியே போட்ட முதல். வாரநாள் காலையிலும் மாலையிலும் நெரிசல், ஞாயிற்றுக்கிழமை சும்மா நிற்கும். கூடுதலாக ஒரு வண்டி ஓட்ட ஆகும் செலவு கொஞ்சம் நிலக்கரியும் இரண்டு ஆள் கூலியும்தான். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை போக ஓர் இடம் இருந்தால் போதும். பாதை முடியும் இடத்தில் நிலம் மலிவு, போகவர இரண்டு டிக்கெட். அங்கே ஒரு தோப்பு, ஏரி, நடன மேடை, ராட்டினம், ஆயிரக்கணக்கில் பல்பு. ஃபிலடெல்ஃபியாவுக்கு வெளியே வில்லோ குரோவ் (1896), பிட்ஸ்பர்க் பக்கம் கென்னிவுட் (1898) இரண்டுமே டிராம் கம்பெனிப் பூங்காக்கள். நுழைவுச் சீட்டு அவர்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. வியாபாரம் டிராம் டிக்கெட்டில்.

மாற்றத்தின் வேகத்துக்கு ஒரே ஒரு ஒப்பீடு: 1890இல் அமெரிக்க நகரத் தண்டவாளத்தில் சுமார் 70 சதவீதம் விலங்கு இழுத்தது. 1902இல் சுமார் 97 சதவீதம் மின்சாரம்.

திண்ணை:

மூன்றாவது கேள்விக்கு முதலில். வாட்ஸ்அப் கதை இல்லை. ஆனால் அதில் பாதியைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் பிள்ளைகளுக்கான ஆண்கள் விடுதிப் பள்ளியைப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துவிட்டு, தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவரச் சொன்னார். ஆசிரியர்கள் மசியவில்லை. 8 வயதுப் பையன் ஒருவனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார், வேலை நடந்தது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைதான் இது, புதிதாக ஒன்றுமில்லை. 1797இல் லண்டனில் இதை அச்சிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் வந்தது.

லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் ஏறத்தாழ இதே முறையைப் பெரிய அளவில் நடத்தினார். யார் முதல் என்று இரு தரப்பும் வருடக்கணக்கில் சண்டை போட்டார்கள். அமெரிக்காவுக்குப் போனது லங்காஸ்டர் வடிவம். நியூயார்க்கில் டி விட் கிளிண்டன் தலைமையிலான இலவசப் பள்ளிச் சங்கம் 1806இல் முதல் பள்ளியை இந்த முறையில் திறந்தது. ஆகவே நேரடியாகச் சென்னையிலிருந்து நியூயார்க் என்று எழுதாதீர்கள். எழும்பூர், லண்டன், நியூயார்க் என்று மூன்று கண்ணி.

வகுப்பு எப்படி நடந்தது என்பதுதான் சுவாரசியம். ஒரே பெரிய கூடம், ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கில் பிள்ளைகள். பத்துப் பேருக்கு ஒரு சட்டாம்பிள்ளை. புத்தகம் ஆளுக்கொன்று கிடையாது. பெரிய எழுத்தில் அச்சடித்த அட்டையைச் சுவரில் மாட்டி, அதைச் சுற்றி அரைவட்டமாக நின்று படிப்பார்கள், ஒரு புத்தகத்தின் காகிதம் ஒரு பள்ளிக்கே போதும். எழுத்தறியாதவர்களுக்கு மணல் மேசை, அடுத்த படியினருக்குப் பலகை. காகிதமும் மையும் கடைசியில்தான். செலவு மிகக் குறைவு, அதனால்தான் நகராட்சிக்காரர்களுக்கு அவ்வளவு பிடித்தது.

கெட்டுப்போனதும் அதே இடத்தில்தான். சட்டாம்பிள்ளைக்கு எவ்வளவு தெரியுமோ அதுவரைதான் மற்றவர்களுக்கு. ஒப்பிக்க வைக்கலாம், விளக்க முடியாது. பரிசுச் சீட்டு முறை இருந்ததால் சட்டாம்பிள்ளைக்குக் கையூட்டு கொடுக்கும் பழக்கமும் வந்தது (நம் திண்ணைப் பள்ளியிலும் இதே புகார் உண்டு). லங்காஸ்டர் அடியை வேண்டாம் என்றவர், ஆனால் கழுத்தில் மரக்கட்டை மாட்டுவதைத் தண்டனையாக வைத்திருந்தார். 1838இல் நியூயார்க் தெருவில் குதிரை வண்டி மோதி இறந்தார்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் இன்றும் நாம் காணும் வகுப்பறை. 1848இல் பாஸ்டனில் திறந்த குவின்சி பள்ளியில் 12 வகுப்பறை, அறைக்கு ஓர் ஆசிரியர், ஐம்பத்தைந்து பேர் அளவில் பிள்ளைகள், ஆளுக்கொரு மேசை, வயதும் தகுதியும் பார்த்துப் பிரித்த வகுப்பு. மணி அடித்தால் பாடம் மாறும். ‘தொழிற்சாலை மாதிரிப் பள்ளி’ என்று திட்டுகிறவர்கள் இதைத்தான் திட்டுகிறார்கள். எனக்கென்னவோ, உண்மையான தொழிற்சாலை அதற்கு முந்தைய ஒற்றைக் கூடம்தான். குவின்சியில் குறைந்தபட்சம் ஆசிரியருக்குப் பிள்ளையின் பெயராவது தெரியும். வருடாவருடம் தேர்ச்சி என்று வந்ததும் புது வியாதி ஒன்றும் வந்தது: தேறாதவர் அதே பெஞ்சில் தேங்குவார். 1909இல் லெனார்ட் அயர்ஸ் நகரப் பள்ளிகளை ஆராய்ந்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளை வகுப்புக்கு உரிய வயதைத் தாண்டியிருந்தது.

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: தவறு. தொழிற்சாலை பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து இழுத்தது. உயர்நிலைப் பள்ளிக்கு இழுத்தது அலுவலகம்.

மாசசூசெட்ஸ் 1852இலேயே முதல் கட்டாயக் கல்விச் சட்டம் போட்டது. 8 முதல் 14 வயது, வருடத்துக்கு 12 வாரம், அதில் 6 வாரம் தொடர்ச்சியாக. அவ்வளவுதான். மீதி 40 வாரம் ஆலைக்குப் போகலாம். அந்த 12 வாரத்தையும் அமல்படுத்துவது கடினம், ஏனென்றால் பல இடங்களில் பிறப்புப் பதிவேடே சரியாகக் கிடையாது. பெற்றோர் சத்தியம் செய்து சொல்வதுதான் வயது. கடைசி மாநிலமான மிசிசிப்பி 1918இல்தான் சட்டம் போட்டது. 1900 கணக்கெடுப்பில் 10 முதல் 15 வயது வரையிலான சுமார் 17.5 லட்சம் பிள்ளைகள் வேலைக்காரர்களாகப் பதிவாகியிருந்தார்கள்.

அலுவலகக் கதை வேறு. ரெமிங்டன் துப்பாக்கி செய்கிற கம்பெனி. உள்நாட்டுப் போர் முடிந்ததும் ஆர்டர் போய்விட்டது. அதனால் தையல் மெஷின் செய்தார்கள், 1874இல் ஷோல்ஸ் வடிவமைத்த டைப்ரைட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பார்ப்பதற்கே தையல் மெஷின் மாதிரி இருக்கும், மேலே பூ வேலைப்பாடு, காகிதம் தாங்கும் வண்டியைத் திருப்பக் காலால் மிதிக்கும் பலகை. விலை 125 டாலர். பெரிய எழுத்து மட்டும். அச்சு, உருளையின் அடியில் விழுவதால் அடித்தது என்ன என்று நாலு வரி தாண்டித்தான் தெரியும். 1878இல் வந்த இரண்டாம் மாடலில் ஷிஃப்ட் விசை வந்தது, சின்ன எழுத்தும் வந்தது.

திருப்பம் 1888 ஜூலையில், சின்சினாட்டியில். நீதிமன்றச் சுருக்கெழுத்தர் ஃபிராங்க் மெகரின் பத்து விரலால், விசைப்பலகையைப் பார்க்காமல் அடித்து, பார்த்து அடித்த போட்டியாளரைத் தோற்கடித்தார். போட்டியைவிட அதன் விளைவு பெரிது: இந்த விரலுக்கு இந்த எழுத்து என்று பிரித்துவிட்டால், வேகம் என்பது பிறவித் திறமையாக இல்லாமல் பாடமாகிவிடுகிறது. பாட அட்டவணையில் போடலாம், பரீட்சை வைக்கலாம். நம்மூர் இன்ஸ்டிட்யூட்டில் ‘ஏ எஸ் டி எஃப்’ அடித்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். உயர்நிலைப் பள்ளியில் வணிகப் பிரிவு இதன்மேல்தான் நின்றது. அரசு உயர்நிலைப் பள்ளி மாணவர் எண்ணிக்கை 1890இல் சுமார் 2 லட்சம், 1900இல் 5 லட்சத்துக்கு மேல். பையன்களைவிடப் பெண்கள் அதிகம். 1900இல் சுருக்கெழுத்து, தட்டச்சு வேலையில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஆலைக்கு எழுத்துப்பிழை ஒரு பொருட்டே இல்லை, கடிதம் அடிக்கிற மேசைக்கு அது வேலையையே பறிக்கும்.

உலைமேடு:

மேலே இருவரும் நன்றாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ‘ஞாயிற்றுக்கிழமை கூட்டம்’ என்றதில் ஒரு சறுக்கல். எல்லாருக்கும் ஞாயிறு இருக்கவில்லை.

எஃகு உலை அணையாது. பிட்ஸ்பர்க் பக்கத்து ஹோம்ஸ்டெட் மாதிரியான எஃகு ஆலைகளில் 12 மணி நேர ஷிஃப்ட், வாரம் 7 நாள். பகல் ஷிஃப்டும் இரவு ஷிஃப்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடம் மாறும்போது ஒரு கூட்டம் 24 மணி நேரம் தொடர்ந்து நிற்கும். அதற்கு ‘நீண்ட முறை’ என்று பெயர். மற்றக் கூட்டத்துக்கு அன்றைக்கு 24 மணி நேர விடுப்பு. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு. அமெரிக்க எஃகுத் தொழிலில் 12 மணி நேரம் ஒழியத் தொடங்கியது 1923இல்தான். கென்னிவுட் இருப்பது இந்த உலைகளுக்குக் கூப்பிடு தூரத்தில்.

பூங்காவுக்குப் போனவர்கள் பெரும்பாலும் கடைச் சிப்பந்தி, அலுவலகப் பெண், சனிக்கிழமை அரைநாள் விடுப்புப் பெற்ற கைவினைஞர். ‘எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி எங்கள் இஷ்டம்’ என்ற முழக்கத்தில் மூன்றாவது எட்டைத்தான் டிராம் கம்பெனி விலைக்கு வாங்கியது. அந்த எட்டைப் போராடி வாங்கியவர்கள் யார் என்றும் பாடத்தில் ஒரு வரி போடுங்கள்.

பொன்னி:

மூவருக்கும் நன்றி. அலுவலகம் பற்றிய பதில் என் பாடத்தையே மாற்றிவிட்டது. இரண்டு சின்னக் கேள்வி. கோனி ஐலண்டின் முதல் தலைகீழ் ரயில் பயணிகளின் கழுத்தைப் பதம் பார்த்தது என்று படித்தேன், அது ஏன்? ஐந்து சென்ட் சினிமாக் கொட்டகையும் இதே கணக்குக்குள் வருமா?

பட்டறை:

கழுத்து விஷயம் இயற்பியல் வகுப்புக்கே கொண்டுபோகலாம். 1895இல் கோனி ஐலண்டின் சீ லயன் பூங்காவில் வைத்த ‘ஃபிளிப் ஃபிளாப்’ ரயிலின் வளையம் சுமார் 25 அடி விட்டமுள்ள சுத்தமான வட்டம். தவறு அந்த வட்டத்தில்தான். உச்சியில் விழாமல் இருக்க வேண்டிய குறைந்தபட்ச வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால், வட்டத்தின் அடியில் வேகத்தின் வர்க்கம் 5gR (g புவியீர்ப்பு முடுக்கம், R வளையத்தின் ஆரம்). அங்கே உடல் உணரும் எடை சரியாக 6 மடங்கு. இந்த அளவு வளையத்துக்கு அது மணிக்கு ஏறத்தாழ 49 கிலோமீட்டர். உராய்வைச் சமாளிக்க இதைவிட வேகமாகத்தான் விட வேண்டும், எடை இன்னும் ஏறும். அதோடு நேர்ப்பாதையிலிருந்து வட்டத்துக்குள் நுழையும் அந்தக் கணத்தில் 1 மடங்கு சட்டென்று 6 ஆகிறது, தயாராக நேரமே இல்லை. தலை பின்னால் அடிக்கும்.

1901இல் எட்வின் பிரஸ்காட் வளையத்தை நீள்வட்டமாக்கினார். அடியில் வளைவு அகலம், உச்சியில் குறுகல். எடை மெல்ல ஏறி மெல்ல இறங்கும். ஆனால் வண்டிக்கு நாலு பேர்தான். ஏறியவர்களைவிட நின்று வேடிக்கை பார்த்தவர்கள் அதிகம். மணிக்கு எத்தனை பேர் என்பதில் தோற்றுப்போனது.

சினிமா இதே கணக்குதான், இன்னும் பச்சையாக. 1905 ஜூனில் பிட்ஸ்பர்க்கில் ஹாரி டேவிசும் ஜான் ஹாரிசும் ஒரு கடையைக் காலி செய்து 96 நாற்காலி போட்டார்கள். ஆளுக்கு 5 சென்ட். நிறைந்த காட்சிக்கு 4 டாலர் 80 சென்ட், அவ்வளவே. ஆகவே காட்சி பதினைந்து, இருபது நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, காலையிலிருந்து இரவு வரை நிற்காமல் ஓட வேண்டும். பேச்சு இல்லாததால் ஆங்கிலம் தெரியாத குடியேறிகளும் வரலாம். அவர்களுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே பள்ளி போராடிக்கொண்டிருந்த அதே தெருவில் இது நடந்தது.

ஆபத்து ஃபிலிமில். நைட்ரேட் ஃபிலிம், பின்னால் ஆர்க் விளக்கு, கையால் சுற்றும் கைப்பிடி. சுற்றுவது நின்றால் ஒரே சட்டகம் வெளிச்சத்தின் முன் நின்று பற்றிக்கொள்ளும், ஒரு முறை பற்றினால் தண்ணீர் ஊற்றியும் அணையாது. அதனால் சுற்றாதபோது தானே மூடிக்கொள்ளும் தகடும், புரொஜெக்டரைச் சுற்றி உலோக அறையும் வந்தன. 1908 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நியூயார்க் மேயர் நகரத்தின் எல்லாக் கொட்டகைகளின் உரிமத்தையும் ஒரே உத்தரவில் ரத்து செய்தார். தீப்பயம் ஒரு காரணம், ஒழுக்கப் பயம் இன்னொன்று. முதலாளிகள் நீதிமன்றம் போய்த் தடை வாங்கிவிட்டார்கள்.

வேலிக்கு வெளியே:

மூன்றும் எங்கே கோத்துக்கொண்டன என்று கேட்டீர்கள். எங்கே வேண்டுமென்றே கோக்கவில்லை என்பதும் பாடத்தில் வரட்டும்.

ஜார்ஜியா மாநிலம் அகஸ்டாவில், ரிச்மண்ட் கவுண்டிப் பள்ளி வாரியம் 1897இல் கறுப்பினத்தவருக்கான ஒரே அரசு உயர்நிலைப் பள்ளியை மூடியது. பணமில்லை, ஆரம்ப வகுப்புக்கு இடம் வேண்டும் என்றது. வெள்ளையருக்கான உயர்நிலைப் படிப்புக்கு மட்டும் அதே வரிப்பணம் தொடர்ந்தது. 1899இல் உச்ச நீதிமன்றம் இதில் தலையிட மறுத்தது. இனவாரியாகப் பிரித்து வைக்கலாம் என்ற 1896 பிளெஸ்ஸி தீர்ப்பின் ‘தனித்தனி ஆனால் சமம்’ என்பதில் ‘சமம்’ என்ற சொல் நான்கு வருடம்கூடத் தாங்கவில்லை. ‘திண்ணை’ சொன்ன அந்தத் தட்டச்சு மேசைக்குப் போகும் படிக்கட்டு இவர்களுக்கு முதல் படியிலேயே அறுக்கப்பட்டது.

இன்னொரு பக்கம் பென்சில்வேனியாவில் கார்லைல் பள்ளி, 1879. பூர்வகுடிப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கான மைல் தள்ளிக் கொண்டுவந்து, முடியை வெட்டி, மொழியைத் தடுத்து, பாதி நாள் பாடம், பாதி நாள் பட்டறை. கோடையில் ஊருக்கு அனுப்பாமல் வெள்ளையர் பண்ணைகளிலும் வீடுகளிலும் வேலைக்கு விட்டார்கள்.

பொன்னி:

இதைச் சேர்க்கிறேன். நன்றி. ‘திண்ணை’ அவர்களுக்குக் கடைசியாக ஒன்று: அந்த மணல் மேசையை வகுப்பில் செய்து காட்ட முடியுமா?

திண்ணை:

தாராளமாக. விளிம்புள்ள ஆழமில்லாத மரத்தட்டு, அடிப்பகுதிக்குக் கறுப்புப் பெயின்ட். அதன்மேல் வெளிர் நிற மணலை அடி மறையும் அளவுக்கு மட்டும் மெல்லப் பரப்புங்கள். விரலால் எழுதினால் மணல் விலகிக் கறுப்பு எழுத்துத் தெரியும். ஒரு சட்டத்தை வைத்து ஒரே இழுப்பில் நிரவினால் அடுத்த எழுத்துக்குத் தயார். சுவரில் ஓர் அட்டை, முன்னால் அரைவட்டமாகப் பத்துப் பேர், ஒருவர் சட்டாம்பிள்ளை. பத்து நிமிடம் போதும், அந்த முறை ஏன் மலிவு, ஏன் பயனில்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மணலை நன்றாகச் சலித்து வெயிலில் காயவையுங்கள். ஈரம் இருந்தால் எழுத்தின் ஓரம் கட்டிக்கொள்ளும், நிரவும்போது வரி வரியாகப் பிடிக்கும். தடிமன் அதிகமானால் அடிக்கறுப்புத் தெரியவே தெரியாது.